கழன்ற செல் எல்லாம் செத்த செல் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பின் அறிவியல் பக்கத்தில் நம் மாவட்டக் கல்லூரி ஒன்றின் மூலிகை ஆய்வு பற்றிய செய்தி வந்திருந்தது. அதில் ஒரு வரி: "புற்றுநோய் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை இந்தச் சாறு கரைப்பதால், அவை உதிர்ந்து அழிகின்றன." இந்த வரியைத் தங்கள் மேசையில் ஒருவரும் நிறுத்திப் பார்க்கவில்லையே என்பது பெரும் வருத்தம்.

செல்களுக்கு நடுவே பசை ஏதும் கிடையாது. செல்லோடு செல்லைப் பிணைக்கும் கேடரின் என்ற புரதங்கள் உண்டு. கால்சியம் இருந்தால்தான் அவை விறைத்து நின்று, பக்கத்துச் செல்லின் கேடரினைப் பிடிக்கும். செல் தன் அடித்தளத்தைப் பிடிப்பது இன்டெக்ரின்கள் என்ற வேறு புரதங்களால். மனித உடலில் 18 ஆல்பா அலகுகளும் 8 பீட்டா அலகுகளும் இணை சேர்ந்து 24 வகை இன்டெக்ரின்கள் ஆகின்றன. பிடி விழுந்ததும் உள்ளே எஃப்.ஏ.கே. முதலான கைனேஸ்கள் (சமிக்ஞை கடத்தும் நொதிகள்) தூண்டப்பட்டு, செல் உயிரோடு இருக்கவும் பெருகவும் வேண்டிய சமிக்ஞை கிளம்புகிறது. பிடித்த இன்டெக்ரின் இருந்த இடத்திலேயே இருப்பதும் இல்லை. செல்லுக்குள் சரக்கு சுமக்கும் நுண்பைகளில் ஏறி உள்ளே போய், ராப்-4, ராப்-11 புரதங்கள் நடத்தும் பாதைகளில் மறுபடி மேற்பரப்புக்கு வருகிறது. செல் நகர்வதற்கு இந்தப் போக்குவரத்து மிக அவசியம்.

இப்போது அந்த வரியைப் பாருங்கள். செல்களுக்கு இடையிலான பிடி தளர்ந்தால் புற்று அழியும் என்கிறது. மார்பகத்தில் வரும் லோபுலர் வகைப் புற்றில் இ-கேடரின் என்ற கேடரின் வகை இல்லாமல் போவதால்தான் செல்கள் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊடுருவுகின்றன. இ-கேடரினுக்கான மரபணுவில் பிறவிப் பழுது இருந்தால் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்று வரும் என்பது 1998இலேயே தெரிந்துவிட்டது. ஆய்வகத் தட்டிலும் இதைக் காணலாம். மார்பகப் புற்றிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செல் வகைகளில், இ-கேடரின் உள்ள எம்.சி.எஃப்-7 செல்கள் கூட்டமாக ஒட்டி வளரும். இ-கேடரின் மிகக் குறைந்த எம்.டி.ஏ-எம்.பி-231 செல்கள் தனித்தனியே நீண்டு ஓடும், ஊடுருவும். இதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில மார்பகப் புற்று மாதிரிகளில் இ-கேடரினை நீக்கினால் ஊடுருவல் கூடினாலும், உடலில் தொலைவான உறுப்புகளில் போய் வேர்பிடிப்பது குறைகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு சிக்கலான விஷயம் ஒரே வரியில் தீர்ப்பாகி வந்துவிட்டது. இன்டெக்ரினைத் தடுக்கும் சிலெஞ்சிடைட் என்ற மருந்து மூளைப் புற்றுக்கான பெரிய மனித ஆய்வில் பயன் தரவில்லை என்பது 2014இல் வெளியானது. அந்த மருந்தும் தட்டில் நன்றாகத்தான் வேலை செய்தது.

உதிர்ந்தால் அழியும் என்பதும் தவறு. செல் வளர்ப்பு அறைகளில் வாரந்தோறும் நடப்பதே இந்த உதிர்ப்புதான். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவி, 0.25 சதவீத டிரிப்சின்-ஈ.டி.டி.ஏ. கரைசலை (புரதத்தை வெட்டும் நொதியும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருளும்) விட்டு, 37 டிகிரியில் இரண்டு முதல் ஐந்து நிமிடம் வைத்தால் செல்கள் உருண்டு கழன்றுவிடும். சீரம் (இரத்த நிணநீர்) கலந்த ஊடகத்தை, அதாவது செல் வளரும் திரவத்தை ஊற்றி டிரிப்சினை நிறுத்திப் புதுத் தட்டில் விட்டால், மறுநாள் ஒட்டி வளர்ந்திருக்கும். ஒரு புற்றுநோயாளியிடமிருந்து எடுத்த ஹீலா செல்கள் 1951 முதல் இப்படித்தான் உலகெங்கும் வாழ்கின்றன. பிடி விட்டால் சாவது பெரும்பாலும் இயல்பான எபிதீலியச் செல் (உறுப்புகளின் மேலுறைச் செல்). புற்றுச் செல்களில் பல அந்தச் சாவிலிருந்து தப்பிக்கும் வழியைப் பெற்றுவிட்டவை.

செல் உயிரோடு உள்ளதா என்று நிறத்தால் அளக்க, செய்தியில் சொல்லப்பட்ட எம்.டி.டி. சோதனையில் இந்த ஏமாற்றத்துக்கு நிறையவே இடம் உண்டு. 96 குழித் தட்டில் மஞ்சள் நிற எம்.டி.டி. சாயத்தை உயிருள்ள செல் ஃபார்மசான் என்ற ஊதாப் பொருளாக மாற்றும். அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள். கரைக்கும் முன் தட்டைக் கவிழ்த்து ஊடகத்தைக் கொட்டும்போது, வெறுமனே கழன்று மிதக்கும் செல்லும் சேர்ந்து போய்விடும். கணக்கில் அது செத்ததாகிவிடும். சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருட்கள் செல்லே இல்லாமலும் ஊதா நிறம் தரும். சாற்றைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 1 சதவீதத்தைத் தாண்டினால் பல செல்கள் அதனாலேயே சாகும். செல்களை வைக்கும் இன்குபேட்டரில் ஈரம் காக்கும் தண்ணீர்த் தட்டு வற்றியிருந்தால் ஓரத்து 36 குழிகளில் ஊடகம் சுண்டி, மருந்தே இல்லாமல் வேறுபாடு தெரியும். நம் ஊர் சித்திரை வெயிலில் இதைக் கவனிக்காத ஆய்வகம் அதிகம். மிதக்கும் செல்களையும் சேர்த்தெடுத்து செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தார்களா, புது ஊடகத்தில் விட்டு மறுபடி ஒட்டுகிறதா என்று பார்த்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே.

மூலிகையைக் குறைத்துப் பேச வரவில்லை. நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. ஆனால் அவை தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு, அளவு நிர்ணயிக்கப்பட்டு, நரம்பு பாதிப்பு உள்ளிட்ட விளைவுகளோடு மருந்தானவை. அந்தச் செடியின் கஷாயம் மருந்தாகவில்லை.

இது முதல் முறையும் அல்ல. நுண்பைப் போக்குவரத்தைக் கண்டறிந்ததற்காக ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தபோது தங்கள் பக்கத்தில் பரிசுத் தொகை மட்டும் வந்தது. கணையச் செல்லிலிருந்து இன்சுலின் வெளிவருவதே அந்தப் போக்குவரத்தால்தான் என்று ஒரு வரி வரவில்லை, வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி உள்ள மாவட்டத்தில்! இன்டெக்ரின் ஆய்வுக்காக ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கருக்கு 2022இல் லாஸ்கர் மருத்துவ ஆய்வு விருது கிடைத்ததும் வரவில்லை. தொப்புள்கொடி ஸ்டெம் செல் சேமிப்பு விளம்பரம் மட்டும் கட்டுரை உருவத்தில் முழுப் பக்கம் வந்தது. விலங்குச் செல் என்று தாவரச் செல்லின் படத்தைப் போட்டதற்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறவர்கள் இந்தச் செய்தித் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டு, கீமோவை நிறுத்திவிடலாமா என்று டாக்டரிடம் கேட்கிறார்கள். தாங்கள் அறியாததல்ல.

கேட்பது சிறியது. இத்தகைய செய்தியில் எந்தச் செல், மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம், கரைப்பானை மட்டும் இட்ட குழியில் என்ன ஆனது, இயல்பான செல்லில் சோதித்தார்களா என்ற நான்கு விவரங்களைச் சேருங்கள். இல்லையென்றால் செய்தியை நிறுத்திவையுங்கள். அந்த வரிக்கான திருத்தத்தை அதே ஞாயிறு பக்கத்தில், அதே எழுத்து அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
செல் வளர்ப்பு ஆய்வகப் பயிற்றுநர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.