விளக்கவுரையைத் திறக்கும் நேரம்

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருந்தது இரண்டு வரியில் முடிகிற விஷயமாக இல்லை. உன் மனைவியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்திருக்கிறாள். சனிக்கிழமை ராத்திரி என் மேஜையில் பாதி அவளுக்குப் போய்விடுகிறது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் தயாரிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு பிரசங்கமும் புதன்கிழமை வேதபாட வகுப்பும் உன்னிடம் வந்திருக்கின்றன, எந்த வேத விளக்கவுரையை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எதை வாங்கலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன். எப்போது திறக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில்தான் நான் பல வருஷம் தவறு செய்தேன்.

ஊழியத்தின் ஆரம்பத்தில் ஒருமுறை மத்தேயு 19-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்கிற பகுதி. வெள்ளிக்கிழமை வேதத்தை எடுத்து ஒரே ஒரு தரம் வாசித்துவிட்டு நேரே விளக்கவுரைகளுக்குப் போனேன். எருசலேமின் மதிலில் ‘ஊசியின் காது’ என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம். பெரிய வாசலைச் சாத்திய பிறகு வந்து சேரும் ஒட்டகம், சுமையை இறக்கிவிட்டு முழங்கால் மடக்கித்தான் அதற்குள் போக முடியுமாம். படித்ததும் மனம் துள்ளியது. சுமையை இறக்கு, முழங்காலில் நில், உள்ளே வா. மூன்று தலைப்பும் அப்படியே கையில் வந்துவிட்டன. அந்த ஞாயிறு சபையும் நன்றாகக் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் வயதான ஒரு அம்மா வேதத்தை விரித்தபடியே என்னிடம் வந்தார். விரல் 25-ஆம் வசனத்தில் இருந்தது. “ஐயா, அப்படி ஒரு வாசல் இருந்திருந்தா, சீஷர்கள் ஏன் இவ்வளவு ஆச்சரியப்பட்டாங்க? ‘அப்படியானால், யார் ரட்சிக்கப்படக்கூடும்’னு ஏன் கேட்கணும்?” என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து 26-ஆம் வசனத்தைப் பார்த்தேன். “மனுஷரால் இது கூடாததுதான், தேவனாலே எல்லாம் கூடும்.” ஆண்டவர் கூடாது என்று சொன்னதை நான் கஷ்டம்தான், ஆனால் பணிந்தால் முடியும் என்று மாற்றிப் பிரசங்கித்திருந்தேன். அந்தப் பகுதியின் உயிரே அந்தக் ‘கூடாது’தான். அதற்கு அப்புறம் தேடிப் பார்த்தேன். முதல் நூற்றாண்டில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த விளக்கம் அது. ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்குப் போய்ப் போய் உண்மைபோல நின்றுவிட்டது. அந்த அம்மாவிடம் எந்த விளக்கவுரையும் இருந்ததில்லை. அடுத்த இரண்டு வசனத்தை வாசித்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த வாரத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். திங்கள் முதல் புதன் வரை வேதாகமம் மட்டும். பழைய திருப்புதல் என்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதன் பக்கத்தில் ஒரு புதிய மொழிபெயர்ப்பும். அந்தப் பகுதியையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள அதிகாரத்தையும் சத்தமாக வாசிப்பேன். எனக்குப் புரியாததை, இடறுவதை, மொழிபெயர்ப்புகள் வித்தியாசப்படும் இடத்தை ஒரு நோட்டில் கேள்வியாக எழுதுவேன். வியாழக்கிழமைதான் விளக்கவுரைகளைத் திறப்பேன். அப்போது அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் அவர்களிடம் போகிறேன். கேள்வியில்லாமல் போனால் அவர்கள் சொல்வதெல்லாமே பதிலாகத் தெரியும்.

இதைச் சொன்னதும் நீ மறுபக்கம் போய்விடாதே. உங்கள் சபையில் ஒரு சகோதரர் ‘ஆவியானவர் போதிக்கும்போது மனுஷர் எழுதின புத்தகம் எதற்கு’ என்று கேட்டதாக எழுதியிருந்தாயே. அந்தக் கேள்வியில் இருக்கும் பக்தியை மதிக்கிறேன். ஆனால் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, ‘ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும்’ என்றபோது, ஆவியானவர் அனுப்பி வைத்தது பிலிப்பு என்கிற ஒரு மனுஷனைத்தான். நெகேமியா 8-இலும் லேவியர் வாசித்ததோடு நிற்கவில்லை, அர்த்தஞ்சொல்லி விளங்கப்பண்ணினார்கள். இங்கிலாந்தின் பேர்பெற்ற பிரசங்கி ஸ்பர்ஜன் விளக்கவுரைகளைப் பற்றி மாணவர்களுக்குச் செய்த சொற்பொழிவுகள் 1876-இல் புத்தகமாக வந்தன. பரிசுத்த ஆவியானவர் தங்களுக்கு வெளிப்படுத்துவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அவர் மற்றவர்களுக்கு வெளிப்படுத்தியதை ஏன் இவ்வளவு லேசாக நினைக்கிறார்கள் என்று அதில் கேட்கிறார். அந்தச் சகோதரரிடம் இதை அன்பாகச் சொல்லிப் பார்.

விளக்கவுரை இல்லாமல் நான் கண்டுபிடித்திருக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு எழுதியதில் ‘நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்’ என்று வருகிறதல்லவா? அனல் என்றால் வைராக்கியம், குளிர் என்றால் பின்மாற்றம், அதாவது விசுவாசத்தில் பின்வாங்கிப்போவது என்றுதான் நானும் சொல்லிவந்தேன். ஒரு திங்கட்கிழமை நோட்டில் எழுதினேன்: ‘பின்மாற்றத்தில் இருந்தால் நலம் என்று ஆண்டவர் சொல்வாரா?’ வியாழக்கிழமை அந்த ஊரின் தண்ணீரைப் பற்றி வாசித்தேன். வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் எராப்போலி, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் படிவம் இறங்கும் அதன் சரிவுகளை இன்றும் துருக்கியில் பார்க்கலாம். கிழக்கே சுமார் 17 கிலோமீட்டரில் கொலோசெ, குளிர்ந்த நீரோடை உள்ள ஊர். நடுவில் லவோதிக்கேயா. வணிகத்தில் கொழித்த ஊர், கி.பி. 60-இல் பூகம்பத்தில் இடிந்தபோதுகூட ரோமாபுரியின் உதவி இல்லாமல் தன்னைத் தானே கட்டிக்கொண்டது. ஆனால் தண்ணீர் குழாய் வழியாகத் தூரத்திலிருந்து வர வேண்டும். வெந்நீர் உடம்புக்கு இதம், குளிர்ந்த நீர் தாகத்துக்கு இதம், வெதுவெதுப்பான தண்ணீரை வாயில் வைக்க முடியாது. எல்லா அறிஞர்களும் இந்த ஊற்றுகளை வைத்து விளக்குவதில்லை. விருந்தில் சூடாகவோ குளிர்ச்சியாகவோ பரிமாறிய பானத்தை வைத்து விளக்குகிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் குளிர் அங்கே நல்லதுதான். ‘நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்று அந்தச் சபை சொல்வதும் அந்த ஊரின் வரலாற்றோடு சேர்ந்து கேட்கும்போது வேறுவிதமாக ஒலிக்கிறது. பழைய பிரசங்கக் குறிப்பில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

இன்னொன்று, புத்தகம் எழுதப்பட்ட வருஷத்தைப் பார். போனில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய விளக்கவுரைகள். இங்கிலாந்துப் போதகர் மத்தேயு ஹென்றி தம் விளக்கவுரையை 1704-இல் எழுதத் தொடங்கி, அப்போஸ்தலர் நடபடிகள் வரை முடித்து, 1714-இல் மரித்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை மற்ற போதகர்கள் எழுதி முடித்தார்கள். ‘ரோமர் 8-இல் மத்தேயு ஹென்றி சொல்கிறார்’ என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்! அவருடைய தியான ஆழத்துக்கு இன்றைக்கும் நிகர் குறைவு, தினமும் வாசி. ஆனால் எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரஸ் என்கிற நாணல் தாளில் எழுதிய பழைய ஏடுகள் குவியல் குவியலாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். சவக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய வேதப் பிரதிகளான சவக்கடல் சுருள்கள் 1947-க்குப் பிறகு வந்தவை. அவர் கண் இவற்றைப் பார்க்கவில்லை.

மலைப்பிரசங்கத்தில் தாரை ஊதித் தர்மம் செய்கிறவர்களைப் பற்றிய இடத்தை எடுத்துக்கொள். ‘பலனை அடைந்தார்கள்’ என்பதற்கு வரும் கிரேக்கச் சொல், அந்தக் காலத்துப் பற்றுச்சீட்டுகளில் ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு எழுதுகிற அதே சொல். ஜெர்மன் வேத அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 1908-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை எடுத்துக் காட்டினார். இதை வாசித்துவிட்டு நம் பழைய திருப்புதலைப் புரட்டினேன். “அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது.” தீர்ந்தது! கணக்குத் தீர்ந்தது என்று சொல்வோமே, அதேதான். டைஸ்மனுக்கு முன்னாலேயே யாரோ ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லின் எடையைச் சரியாகக் கையில் எடுத்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வகுப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். பிரசங்க பீடத்தில் ஒரு முடிவுக்கு வந்து பேச வேண்டும். வகுப்பில் இரண்டு கருத்தையும் மேஜையில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். யோவான் 21-ஐ எடு. ‘அன்பாயிருக்கிறாயா’ என்று இயேசு கேட்க, ‘நேசிக்கிறேன்’ என்று பேதுரு சொல்கிறான். கிரேக்கத்தில் இரண்டு சொல், முந்தினது உயர்ந்த தெய்வீக அன்பு, பிந்தினது நட்பு என்று சில விளக்கவுரைகள் சொல்லும். வேறு சில, யோவான் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறவர் என்று காட்டும். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதற்கு 3:35-இல் ஒரு சொல், 5:20-இல் மற்றொன்று. அந்த ‘உயர்ந்த’ சொல்தான், பவுலை விட்டுப்போன தேமா இந்தப் பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்தான் என்கிற இடத்திலும் வருகிறது. நான் இரண்டாவது பக்கம். வகுப்பில் இரண்டையும் கொடுத்து வசனங்களைத் தேட விட்டபோது, எப்போதும் பேசாத ஒரு வாலிபன் அன்றைக்கு முழுநேரமும் பேசினான். ‘கிரேக்கத்தில் அப்படி’ என்று ஒரே வரியில் வாயை அடைத்திருந்தால் அது நடந்திருக்காது.

வாங்குவதைப் பற்றி: முழுத் தொகுதியாக வாங்காதே. ஒரே தொகுதியில் ஒரு புத்தகத்துக்கு அருமையாகவும் இன்னொன்றுக்குச் சுமாராகவும் இருக்கும். முழு வேதத்துக்கும் ஒரே வால்யூமில் ஒன்று, அப்புறம் இப்போது நீ போதிக்கிற புத்தகத்துக்கு மட்டும் நல்லதாக ஒன்று, அது போதும். சீர்திருத்தக் காலத்துக் கால்வின் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருப்பார், ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் எழுதவில்லை. ஸ்காட்லாந்து வேத அறிஞர் பார்க்லே வேத காலத்து வாழ்க்கையைக் கண்முன் நிறுத்துவார். அற்புதங்கள் வரும் இடத்தில் அவரோடு நான் ஒத்துப்போவதில்லை, நீயும் கவனமாக வாசி.

கடைசியாக நீ கேட்ட 1 பேதுரு 3:19. காவலிலுள்ள ஆவிகளுக்குக் கிறிஸ்து பிரசங்கித்தார் என்று வருகிறதே, அந்த ஆவிகள் யார்? கிறிஸ்துவின் ஆவி நோவாவின் மூலமாக அந்தத் தலைமுறைக்குப் பிரசங்கித்தது என்பார்கள் சிலர். மரித்தோரிடம் இறங்கிப் போனார் என்பார்கள் சிலர். விழுந்துபோன தூதர்களிடம் தம் வெற்றியை அறிவித்தார் என்பது இன்னொரு பக்கம். எனக்கு மூன்றாவது நெருக்கமாகத் தெரிகிறது, ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இந்தப் பகுதியில் பேதுரு என்ன சொல்கிறார் என்று தனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்று லூத்தரே எழுதிவைத்திருக்கிறார். அதை வகுப்பில் தயங்காமல் சொல். அப்புறம் 22-ஆம் வசனம் வரை சேர்த்து வாசிக்கச் சொல், கிறிஸ்து பரலோகத்துக்குப் போய் தேவனுடைய வலதுபாரிசத்தில் இருக்கிறார் என்று வரும் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

வகுப்பில் என்ன பேசினார்கள் என்று எழுது. காத்திருப்பேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய அறைத்தோழன்