ஞாயிறு மரவேலை: ஸ்க்ரோல் சா பழக வாங்க

வணக்கம். நம்ம சத்துவாச்சாரி குடியிருப்பு மாடியில் வரும் ஞாயிறு காலை 7 முதல் 9.30 வரை ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடால் பலகையை வளைத்து வளைத்து வெட்டும் மிஷின்) பயிற்சி. வேலூர் வெயில் தெரிந்ததுதானே, தாமதம் வேண்டாம்.

1. 6 மி.மீ. ப்ளைவுட், ஒரு அடிக்கு ஒரு அடி, ஆளுக்கு ஒன்று கொண்டு வாங்க. பிளேடு என் செலவு.

2. படத்தைத் தாளில் வரைந்து வாங்க. முதல் தடவையே ஜலகண்டேஸ்வரர் கோயில் யாளியெல்லாம் வேண்டாம்! இலை, மீன் போதும். உள்ளே வெட்டணும்னா முதலில் டிரில்லில் ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் நுழைத்து மாட்டணும். பழக நேரம் பிடிக்கும்.

3. பிளேடுப் பல் கீழ்நோக்கி இருக்கணும். போன மாதம் நான் தலைகீழாக மாட்டி, பலகை எகிறிக் குதித்தது. பலகையைத் தள்ளாதீங்க, மெதுவா திருப்புங்க. அவசரப்பட்டா பிளேடு ஒடியும்.

4. மாஸ்க், கண்ணாடி கட்டாயம். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை வேண்டாம்.

5. பிள்ளைகள் பெற்றோரோடு மட்டும்.

மிஷின் ஒன்றுதான், 8 பேருக்கு மேல் முடியாது. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர், வீட்டு எண் போடுங்க. கட்டை விரல் எமோஜி மட்டும் போட்டா கணக்கில் சேராது.