டிஸ்க்கையும் கன்ட்ரோலரையும் பிரிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளுக்கு மீண்டும் உயிரூட்ட முனைவோர் ஆர்வ மிகுதியில் ஹார்டு டிஸ்க்கையும் அதை இயக்கும் கன்ட்ரோலர் அட்டையையும் பிரித்துவிடும் பிழையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. 1983இல் வந்த அதன் அடுத்த மாதிரியான எக்ஸ்டியில்தான் 10 மெகாபைட் டிஸ்க் இடம்பெற்றது. முதல் மாதிரியில் அத்தகைய டிஸ்க்கைப் பொருத்த நினைப்பவர், அதன் 63.5 வாட் பவர் சப்ளை அந்தச் சுமையைத் தாங்குவது கடினம் என்பதையும், 27.10.1982 தேதியிட்ட பதிப்புக்கு முந்தைய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), கன்ட்ரோலர் அட்டையில் டிஸ்க்கை இயக்கும் நிரல் பதிந்துள்ள ரோம் சில்லைத் தேடவே தேடாது என்பதையும் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. இன்றைய டிஸ்க்குகளைப் போலன்றி, எம்எஃப்எம் எனப்படும் அக்கால டிஸ்க் வகையில் காந்தக் குறிகளைத் தரவாகப் பிரித்தறியும் வேலை கன்ட்ரோலர் அட்டையில்தான் நடக்கிறது. 34 முனைக் கேபிள் கட்டளைகளையும் 20 முனைக் கேபிள் தரவையும் சுமந்து செல்கின்றன. ஆகவே ஒரு கன்ட்ரோலர் வகுத்த டிராக் (தரவு பதியும் வட்டப் பாதை) அமைப்பை வேறு வகைக் கன்ட்ரோலர் பெரும்பாலும் படிக்காது. அடிநிலை ஃபார்மட்டை, அதாவது டிராக்குகளைப் புதிதாக வகுக்கும் வேலையை, மீண்டும் செய்தால் டிஸ்க் இயங்கும், ஆனால் உள்ளிருந்தவை அத்தனையும் அழிந்துவிடும். 20 மெகாபைட் டிஸ்க் ஒன்றில் யாரோ பல ஆண்டுகள் சேர்த்த கோப்புகளை நான் இப்படித்தான் அழித்துவிட்டேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. அதன் மேல் ஒட்டியிருந்த பழுப்பேறிய தாளில், பழுதான டிராக்குகளின் எண்களை ஒருவர் கைப்பட வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

பழைய கணினியைக் கைமாற்றுவோர் டிஸ்க், அட்டை, கேபிள்கள், அந்தத் தாள் ஆகியவற்றை ஒன்றாகவே கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்