விலையை மாற்றுங்கள், ஆட்டம் மாறும்: என்.பி.ஏ. போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம்.

அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இன்றைய ஆட்டக்காரர்களின் திறமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஏழடி உயரக்காரர் ஒருவர் தானே பந்தைத் தட்டிக்கொண்டு மறுமுனைக்கு வந்து, தொலைவில் நின்று எறிந்து கூடையில் போடுகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் எதிர்பார்த்திராத காட்சி இது. அப்படியிருந்தும் பல இரவுகளில் முப்பது அணிகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆடுகின்றன. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் விசிலும் டைம் அவுட்டும் வீடியோ மறுபார்வையும் வந்து அதை அணைத்துவிடுகின்றன. ரசிகர்கள் ஆட்டக்காரர்களைக் குறை சொல்கிறார்கள். எங்கள் பார்வையில் தவறு அவர்களிடம் இல்லை. விதிப்புத்தகம் எந்தச் செயலுக்கு என்ன விலை வைத்திருக்கிறதோ, பயிற்சியாளர் அதைத்தான் வாங்குவார்.

உங்கள் லீகின் வரலாறே இதற்குச் சாட்சி. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. பந்தை வைத்துக்கொண்டு நிற்பதற்கு அன்று விலையே இல்லை, அதனால் நின்றார்கள். சிராக்யூஸ் அணி உரிமையாளர் டேனி பயாசோன் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டார். சுவாரசியமான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகின்றன. 48 நிமிடம் என்பது 2,880 விநாடி. வகுத்தால் 24. பந்து கிடைத்த அணி அத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் கடிகாரம் வந்த 1954-55 பருவத்திலேயே ஓர் அணியின் சராசரிப் புள்ளிகள் 79.5-லிருந்து 93.1-க்கு உயர்ந்தன. ஆட்டக்காரர்கள் ஒரே கோடையில் மேம்பட்டுவிடவில்லை. கணக்குதான் மாறியது.

இன்று மாற வேண்டிய முதல் கணக்கு மூலையில் இருக்கிறது.

மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளே நின்று போட்டால் இரண்டு. அந்தக் கோடு கூடையின் மையத்திலிருந்து 23 அடி 9 அங்குலத்தில் வளைந்து வருகிறது. மூலைகளில் மட்டும் அது நேர்கோடாகி 22 அடிக்குக் குறைந்துவிடுகிறது. காரணம் இடப்பற்றாக்குறை. களத்தின் அகலம் 50 அடி, எனவே கூடை மையத்திலிருந்து பக்கக் கோட்டுக்கு 25 அடி. வளைவை அப்படியே கீழே இறக்கினால் கோட்டுக்கும் எல்லைக்கும் இடையே 15 அங்குலம்தான் மிஞ்சும், பெரிய காலணி போட்ட ஒருவர் அங்கே நிற்பதே கடினம். அதனால் 22 அடியில் கோட்டைப் போட்டு மூன்றடி இடம் கொடுத்தார்கள். விளைவு, களத்திலேயே மிகக் குறைந்த தொலைவில் கிடைக்கும் மூன்று புள்ளிகள் மூலையில் கிடைக்கின்றன. அதிலும் அங்கிருந்து எறிபவர் பெரும்பாலும் பாஸ் வாங்கி நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். அங்கே வெற்றி விகிதம் மற்ற மூன்று புள்ளி இடங்களைவிட அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

நூற்றுக்கு 35 விழுந்தால் ஒரு மூன்று புள்ளி முயற்சியின் மதிப்பு 1.05. இரண்டு புள்ளி எறிதல் அதற்கு ஈடுகொடுக்க நூற்றுக்கு 52.5 விழ வேண்டும். கூடைக்கு அருகே அது நடக்கும், பதினைந்தடியில் நடக்காது. 1979-80இல் கோடு அறிமுகமானபோது ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்றுக்கும் குறைவான முறைதான் அங்கிருந்து முயன்றது. 2024-25இல் 37-ஐத் தாண்டிவிட்டது. இடைத்தூர எறிதலும், கூடைக்கு முதுகைக் காட்டி நின்று ஆடும் போஸ்ட் ஆட்டமும் ஓரங்கட்டப்பட்டது இந்தக் கணக்கால்தான்.

கோட்டை எல்லாப் பக்கமும் பின்னுக்குத் தள்ளுங்கள் என்பதுதான் அடிக்கடி கேட்கும் யோசனை. அதை மட்டும் செய்தால் பலன் இராது. சிறந்த எறிபவர்கள் இப்போதே கோட்டுக்கு மூன்று நான்கடி பின்னால் நின்று எறிகிறார்கள். கோடு நகர்ந்தால் தடுப்பவர்களும் இன்னும் அகலப் பரவுவார்கள், நடுவே இடம் பெருகும், மூலை எறிதலின் மவுசு இன்னும் கூடும். நாங்கள் கேட்பது வேறு. வளைவை 25 அடிக்குக் கொண்டுபோங்கள், நேர்கோட்டை நீக்குங்கள். அப்போது வளைவு பக்கக் கோட்டைத் தொட்டு முடிந்துவிடும். அதற்குக் கீழே மூலையில் நின்று எறிந்தால் இரண்டு புள்ளிதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க மாட்டோம். இன்று மூலையில் நிற்பவரை விட்டு விலக முடியாததால்தான் கூடைக்கு முன்னுள்ள பெயின்ட் பகுதி காலியாக இருக்கிறது. மூலையின் மதிப்பு குறைந்ததும் அவரைத் தடுப்பவர் இரண்டு மூன்று அடி உள்ளே வந்து நிற்பார், கூடையை நோக்கிப் பாய்வது கடினமாகும். ஆகவே தற்காப்பு மூன்று விநாடி விதியை, அதாவது யாரையும் நெருங்கித் தடுக்காதவர் பெயின்ட் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்பதை, இந்தச் சோதனையின்போது கட்டாயம் வைத்திருங்கள். சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் ஆட்டத்தில் அந்த விதி இல்லையே, இங்கும் எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நடுப்பகுதி அடைபட்டுப்போகும். 2001-02இல் ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் மண்டலத் தற்காப்பை அனுமதித்தபோது இந்த மூன்று விநாடி விதியையும் உடன் கொண்டுவந்ததே அந்த அச்சத்தால்தான்.

களத்தை அகலமாக்கினால் என்ன? கோடு சுற்றிலும் 23 அடி 9 அங்குலமாக இருந்து, மூலையில் இன்றுள்ள மூன்றடியும் வேண்டுமானால் அகலம் 53 அடி 6 அங்குலம் ஆக வேண்டும். மிக விலையுயர்ந்த களத்தோர இருக்கைகளை அது விழுங்கும். உரிமையாளர்கள் ஒப்புவது கடினம்.

அங்குலக் கணக்கு இவ்வளவு பெரிதா என்று கேட்பவர்களுக்கு 1994-ஐ நினைவூட்டுகிறோம். புள்ளிகள் கூடட்டும் என்று கோட்டைச் சுற்றிலும் 22 அடியாக்கினீர்கள். மூன்று பருவங்களில் முயற்சிகள் எகிறின. ஆனால் அணியின் சராசரி 1993-94இல் இருந்த 101.5-லிருந்து 1996-97இல் 96.9-க்கு இறங்கியது. கோடு பழைய இடத்துக்குப் போன மறு பருவமே முயற்சிகள் 16.8-லிருந்து 12.7-க்கு விழுந்தன. சில அங்குலங்கள் எறிபவரின் பழக்கத்தை உடனே மாற்றும் என்பது ஒரு பாடம். மாற்றம் நாம் நினைத்த திசையில்தான் போகும் என்று நம்பக்கூடாது என்பது இன்னொன்று.

அடுத்தது கடைசி மூன்று நிமிடம். உலகின் மிக விறுவிறுப்பான ஆட்டம் தன் உச்சத்தில் நின்று போகிறது என்பதுதான் எங்களுக்குப் பெருங்குறை.

ஓர் அணிக்கு ஏழு டைம் அவுட், ஒவ்வொன்றும் 75 விநாடி. கடைசிக் கட்டத்தில் அணிக்கு இரண்டு வரை எடுக்கலாம். இரண்டு அணிகளும் எடுத்தால் 300 விநாடி, அதாவது மூன்று நிமிட ஆட்டத்துக்கு ஐந்து நிமிட நிறுத்தம். இதன்மேல் மறுபார்வையும், ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களும் சேர்கின்றன. ஃபிபாவில் முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அங்கே ஆட்டக்காரர் டைம் அவுட் கேட்க முடியாது. பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும், பந்து நின்றபின்போ எதிரணி கூடை போட்டபின்போதான் கிடைக்கும். இந்த இரண்டாவது விதிதான் எங்களுக்கு முக்கியம். இரண்டு பேர் சூழ்ந்து பந்தைப் பறிக்கப் போகும் நொடியில், அகப்பட்டவர் கையால் 'டி' காட்டித் தப்பித்துவிடுகிறார். நல்ல தற்காப்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய பரிசு அங்கேயே காணாமல் போகிறது. ஐந்து டைம் அவுட், கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்று மட்டும், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கிடையாது. இதற்குப் புதுக் கருவியோ செலவோ தேவையில்லை.

மறுபார்வையில் ஒரு தனிக்கோளாறு இருக்கிறது. பந்தோடு ஓடுபவரின் கையிலிருந்து தடுப்பவர் பந்தைத் தட்டிவிடுகிறார், அது வெளியே போகிறது. பந்து ஓடியவருக்கே சொந்தம் என்று எல்லாக் களத்திலும் காலங்காலமாகத் தீர்ப்பு. மெதுவாக ஓட்டிப் பார்த்தாலோ, தட்டியபின் பந்து அவர் விரல்நுனியில் இம்மியளவு உரசிப் போனது தெரிகிறது, தீர்ப்பு தலைகீழாகிறது. பந்தை வெளியே தள்ளிய விசை யாருடையது என்பதையே விதி பார்க்க வேண்டும், இயல்பான வேகத்தில் மட்டுமே அதைப் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியின் செக்காக்கஸில் லீகின் மறுபார்வை மையம் 2014 முதல் இருக்கும்போது களத்து நடுவர் திரையருகே போய் நிற்கத் தேவையே இல்லை. மையம் காதுக்கருவியில் முடிவைச் சொல்லட்டும், 45 விநாடியில் தெளிவு வராவிட்டால் களத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கட்டும்.

கடைசி நிமிட ஃபவுல்களுக்கு மருந்தாக நிக் எலம் என்பவர் வகுத்த முறை கையிலேயே இருக்கிறது. நான்கு நிமிடத்துக்குள் பந்து முதல்முறை நிற்கும்போது ஆட்டக் கடிகாரத்தை அணைத்து, முன்னிலையில் இருப்பவரின் புள்ளியோடு எட்டைக் கூட்டி இலக்கு வைக்கிறார்கள். அதை முதலில் எட்டியவர் வெற்றி. பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்வது கடிகாரத்தை நிறுத்தத்தானே? கடிகாரமே இல்லாதபோது ஃபவுல் என்பது எதிரிக்கு இலவசப் புள்ளி. மூன்று புள்ளி முன்னிலையில் இருப்பவர், சமன்செய்யும் எறிதல் வரக்கூடாது என்று முன்கூட்டியே ஃபவுல் செய்யும் வழக்கமும் பொருளற்றுப்போகும். 2020இல் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் இலக்கை 24 கூட்டி வைத்தீர்கள். பல ஆண்டுகளாகக் காட்சிப் பொருளாக இருந்த அந்த ஆட்டத்தில் அன்று எல்லோரும் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். ஆனால் 157-155 என்று அது முடிந்தது ஒரு ஃப்ரீ த்ரோவில். அந்தக் குறைக்கும் வழி உண்டு. வெற்றிப் புள்ளியைக் களத்தில் போடும் கூடைதான் தர வேண்டும், இலக்குக்கு ஒரு புள்ளி குறைவு வரைதான் ஃப்ரீ த்ரோ எண்ணப்படும், அதற்குமேல் ஃபவுல் வாங்கியவருக்குப் பந்து திரும்பக் கிடைக்கும் என்று எழுதிவிடலாம். முழு ஆட்டத்துக்கும் உடனே கொண்டுவரச் சொல்லவில்லை. கூடுதல் நேரத்தில் மட்டும், உங்கள் வளர்ச்சி லீகான ஜி லீகில் ஏற்கெனவே செய்வதுபோல ஏழு புள்ளி இலக்கோடு தொடங்குங்கள். கடைசி விநாடியில் மணியோடு பறக்கும் எறிதல் அங்கே இல்லாமல் போகும். அது உண்மையான இழப்புதான்.

ஜி லீகின் இன்னொரு சோதனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. இரண்டு ஃப்ரீ த்ரோவுக்குப் பதில் இரண்டு புள்ளி மதிப்புள்ள ஒரே எறிதல் என்ற முறை நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் நூற்றுக்கு 75 போடுபவர் இரண்டு வாய்ப்பில் வெறுங்கையோடு திரும்புவது நூற்றுக்கு ஆறு முறை, ஒரே வாய்ப்பில் 25 முறை. அதிர்ஷ்டத்தின் பங்கை இவ்வளவு கூட்டுவது தரத்தைக் கூட்டுவதாகாது.

இனி ஆட்டங்களின் எண்ணிக்கை. 82 ஆட்டங்களை ஏறக்குறைய 174 நாட்களுக்குள் அடைக்கிறீர்கள். அதனால் அடுத்தடுத்த இரவுகளில் ஆடுவது தவிர்க்க முடியாததாகிறது. களைப்பு முதலில் காலில் தெரியும். எறிதல் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். எதிரணி வேகமாகத் திரும்பும்போது தற்காப்புக்கு ஓடிவருவது அரை அடி தாமதமாகும், எறிபவரை நோக்கிப் பாய்வதும் அப்படியே. விருதுகளுக்கு 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24இல் கொண்டுவந்த விதி இந்த நோயைத் தொடவில்லை. அறுபதாவது ஆட்டத்தில் தசை இறுக்கத்தோடு இருப்பவரை ஓய்வெடுக்க விடாமல் களத்தில் இறக்குகிறது.

72 போதும். அணிகள் கிழக்கு, மேற்கு என்று மாநாடு எனப்படும் இரண்டு பிரிவுகளாக இருப்பதால் கணக்கு சுத்தமாக விழுகிறது: மறு மாநாட்டின் 15 அணிகளோடு இரண்டிரண்டு, 30. தன் மாநாட்டின் 14 அணிகளோடு மும்மூன்று, 42. 2020-21இல் பெருந்தொற்றால் இதே அட்டவணையைத்தான் ஆடினீர்கள், ஆனால் அதைக் குறைந்த நாட்களுக்குள் திணித்ததால் பலன் தெரியாமல் போனது. இதையே 174 நாட்களில் ஆடினால் ஆட்டத்துக்கு 2.1 நாள் என்பது 2.4 ஆகும், அடுத்தடுத்த இரவு ஆட்டங்களில் பெரும்பகுதி மறையும். ஒவ்வோர் அரங்கமும் 41-க்குப் பதில் 36 இரவுகள் திறந்திருக்கும். வருமானத்தை ஏறத்தாழப் பாதிக்குப் பாதி பகிரும் ஒப்பந்தம் இருப்பதால் இந்த ஐந்து இரவுகளின் இழப்பு உரிமையாளர், ஆட்டக்காரர் இருவர் தலையிலும் விழும். இருவரும் ஒப்பினால்தான் நடக்கும். விருதுக்கான வரம்பை அப்போது 57 ஆக்குங்கள், விகிதம் மாறாது.

வேண்டுமென்றே தோற்று, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்னிடம் பெறும் வழக்கத்துக்கு, குலுக்கலில் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீதம் என்று 2019இல் செய்த மாற்றம் பாதி மருந்துதான். பெண்கள் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக் செய்வதைப் பாருங்கள். பருவ முடிவில் பட்டத்துக்கு ஆடும் பிளே ஆஃப் சுற்றின் வாய்ப்பை இழந்த பிறகு யார் அதிகப் புள்ளி சேர்க்கிறாரோ அவருக்கே முதல் தேர்வு. பலவீனமான அணி முன்னதாகவே வெளியேறுவதால் சேர்க்கும் காலமும் அதற்கே அதிகம், ஆனால் வென்றாக வேண்டும்.

பந்தின் அடியில் கை வைத்து நிறுத்தி மறுபடி தட்டும் கேரியும், தடுப்பவரின் வழியை மறிக்கும் ஸ்கிரீனைக் கால் ஊன்றாமல் இடுப்பால் இடித்தபடி நகர்ந்து செய்வதும் புத்தகத்தில் ஏற்கெனவே குற்றம்தான். புது விதி வேண்டாம். பருவம் தொடங்கும் அக்டோபரில் ஊதும் விசிலை அது முடியும் ஏப்ரலிலும் ஊதினால் போதும். நெருக்கமான ஆட்டங்களில் நடுவர் தீர்ப்புகள் சரியா என்று சொல்லும் கடைசி இரண்டு நிமிட அறிக்கை 2015 முதல் வெளிவருகிறது. அதில் முதல் மூன்று காற்பகுதிகளிலிருந்தும் ஏதேனும் இரண்டிரண்டு நிமிடங்களைச் சேர்த்து வெளியிட்டால் இந்த ஒழுங்கு தானே தெரியவரும்.

சோதனை எப்படி என்பதற்கு 2006 ஒரு எச்சரிக்கை. ஆட்டக்காரர்களைப் போதிய அளவு கேட்காமல் செயற்கைப் பந்தைக் கொண்டுவந்தீர்கள். கை வழுக்குகிறது, விரல் வெட்டுகிறது என்று புகார்கள் குவிந்து 2007 ஜனவரி 1 முதல் தோல் பந்து திரும்பியது. ஆகவே ஜி லீகில் அரைப் பருவத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டைக் கலந்தால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. நான்கு அளவுகளைப் பதியுங்கள்: கடைசி மூன்று நிமிடம் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம், பந்து ஓடிய நேரத்துக்கும் மொத்த நேரத்துக்கும் உள்ள விகிதம், எறிதல்கள் எந்தெந்த இடத்திலிருந்து எத்தனை, ஒரு முறை பந்து கைக்கு வந்தால் எத்தனை பாஸ். ஆடியவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள்.

டைம் அவுட் மாற்றத்தை வரும் கோடைகால லீகிலேயே தொடங்கிவிடலாம். மூலைக் கோட்டுக்கு வண்ண நாடா ஒட்டினால் போதும், தரையை மாற்ற வேண்டியதில்லை. அந்த நாடாவை எந்த அரங்கில், எந்த வாரத்தில் ஒட்டப்போகிறீர்கள் என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்து அறிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கூடைப்பந்து பயிற்றுவிப்போர், நடுவர் பணி செய்வோர், ஆட்டக் கணக்கு பதிவோர்