கல்யாண விருந்துக்கு மறுநாள்

மதுரை,
தை மாதக் கடைசி

அன்புள்ள வள்ளி,

கடிதம் கிடைத்தது. மூத்தவள் பெண் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இவருக்குக் கண் ஆபரேஷன் ஆன கையோடு பயணம் வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் காரைக்குடிக்கு ஓடி வந்திருப்போம். இப்போது தேவலை. டிவியைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பது ஒன்றுதான் வீட்டில் சண்டை.

மூன்று பக்கம் கல்யாணத்தைப் பற்றி எழுதிவிட்டு, கடைசி நாலு வரியில் எடை மெஷின் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். கடிதமே அந்த நாலு வரிக்காகத்தான் என்று தெரியாதா எனக்கு? டயட் இருந்து குறைத்து 62 கிலோவில் நின்ற எடை, விருந்துக்கு மறுநாள் காலையில் 63.8. அதனால் இரண்டு நாள் காபியோடு பட்டினி கிடக்கப் போகிறாய். கிடக்காதே. விருந்து செய்யாத கெடுதலை அந்தப் பட்டினி செய்துவிடும்.

முதலில் கணக்கைப் பார். உன் வயசுக்கும் எடைக்கும் ஒரு நாளைக்குச் சுமார் 1700 கலோரி போதும். கல்யாணத்தன்று காலைப் பலகாரம் (வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், ஒரு கரண்டி கவுனி அரிசி) 800 என்று வை. மத்தியானம் இலையில் சாதம், நெய், வடை, அப்பளம், பாயசம், இனிப்பு எல்லாம் சேர்ந்து 1300. இடைப்பலகாரமும் ராத்திரிச் சாப்பாடும் 900. மொத்தம் 3000. தேவைக்கு மேல் போனது 1300. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7700 கலோரி மிச்சம் இருக்க வேண்டும். அப்படியானால் முழுக்கக் கொழுப்பாகவே மாறினாலும் 170 கிராம்தான். மெஷின் காட்டுவதோ 1800.

மீதி பெரும்பாலும் தண்ணீர். சாதமும் சர்க்கரையும் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகத் தங்கும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். டயட்டில் இருந்து வந்த உடம்பில் அந்தக் கிடங்கு பாதி காலி. விருந்தன்று 200 கிராம் நிரம்பினால் அதற்கே 800 கிராம் ஏறிவிடும். ஊறுகாய், அப்பளம், சாம்பார் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடிக்கும். இன்னும் செரித்து வெளியேறாத சாப்பாட்டின் எடையும் உண்டு. மூன்று நாலு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டால் இதெல்லாம் தானாக இறங்கிவிடும். அதற்காக யாராவது நீர் போகும் மாத்திரை சொன்னால் காதில் வாங்காதே.

பட்டினி ஏன் கூடாது என்கிறேன் தெரியுமா? காலையில் வெறும் காபி. மத்தியானம் மோர். நாலு மணிக்குக் கை நடுங்கும். அந்த நேரம் பார்த்து மேல்தட்டில் சீர்ப் பலகார டப்பா இருக்கும். ஒரு மைசூர்பாகு உள்ளே போனதும், "சரி, இன்னிக்கும் கெட்டுப்போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மனசு சொல்லும். அதற்குப் பிறகு போவதற்குத்தான் கணக்கே கிடையாது. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இருவர் இதைச் சோதித்திருக்கிறார்கள். மில்க்‌ஷேக் குடிக்கவைத்து, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தால், டயட் பார்க்காதவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு, குடிக்காதபோது சாப்பிட்டதைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். கட்டு ஒருமுறை அவிழ்ந்தால் மொத்தமும் அவிழ்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம். பட்டினி அந்தக் கட்டை இன்னும் இறுக்கும், அவ்வளவுதான்.

அண்ணன் உன்னோடு சேர்ந்து பட்டினி இருக்கவே கூடாது. சர்க்கரைக்கு அவர் போடும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

சரி, என்னதான் செய்வது? மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் இரண்டு இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார். மத்தியானம் ஒரு கப் சாதம், கீரை, கெட்டிப் பருப்பு, மோர். ராத்திரி இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் சுண்டலும். அப்பளம், ஊறுகாய் மட்டும் இரண்டு நாள் வேண்டாம். கூடுதலாகப் போன 1300-ஐ ஒரே நாளில் கழிக்காமல் ஐந்து நாளுக்குப் பிரித்துக்கொள். ஒரு நாளைக்கு 260 வரும். அதற்குச் சாதத்தில் கைவைக்க வேண்டியதில்லை. மூன்று வேளைக் காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறாய், அதை நிறுத்தினால் 120. சாயங்காலம் முறுக்குக்குப் பதில் மோர் குடித்தால் இன்னொரு 140, 150. முடிந்தது.

நடந்தே கழித்துவிடலாம் என்று நினைக்காதே. உன் எடைக்கு ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் நடந்தால் போவது 200 சொச்சம்தான். ஆனால் சாப்பிட்ட கையோடு பதினைந்து நிமிஷம் நடப்பது வேறு விஷயம். ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவதை அது குறைக்கும். மண்டபத்தைச் சுற்றி நடந்தாலும் போதும், அண்ணனையும் கூட்டிக்கொள்.

170 கிராம்தானே என்று விட்டுவிடவும் கூடாது. மாதம் ஒரு விருந்து, சரிசெய்யாமல் விட்டால் வருஷத்துக்கு இரண்டு கிலோ. அமெரிக்காவில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை பண்டிகைக் காலத்தில் எடை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி 370 கிராம்தான். சிக்கல் என்னவென்றால், அடுத்து வந்த மாதங்களிலும் அது இறங்கவில்லை.

"நாத்தனாரும் என்னைப் போலத்தான் சாப்பிட்டாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்டிருந்தாய். அவள் எப்போதும் அதே எடையில் இருந்தவள். எடை குறைத்த உடம்பு, அந்தப் புது எடைக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே செலவழிக்கும். லைபெல் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1995-லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அநியாயம்தான், என்ன செய்ய? இலையில் அவளோடு போட்டி வேண்டாம்.

இலையைப் பற்றிச் சொல்கிறேன், உனக்கு இடறுவது அங்கேதான். மத்தியானம் விருந்து என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போகாதே. ஒரு கைப்பிடி சுண்டலாவது சாப்பிட்டுவிட்டுப் போ. முதல் பந்திக்கு அடித்துப் பிடித்து உட்காராதே. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள், பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்திருக்க வேண்டிவரும். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியவே கால்மணிக்கு மேல் ஆகும். கடைசிப் பந்தியில் பின்னால் ஆள் இல்லை, நிதானமாகச் சாப்பிடலாம். கூட்டு, பொரியல், பச்சடியை முதலில் முடி. சாதம் போட வரும்போதே இலைக்கு மேல் கையை நீட்டி நிறுத்து, போட்ட பிறகு "போதும்" சொல்லிப் பயனில்லை. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்குக் கொஞ்சம். வற்றல் குழம்புக்கென்று தனிச் சுற்று வேண்டாம். பாயசத்தைக் குடி, இனிப்பையும் சாப்பிடு. பிடித்ததை விட்டுவிட்டு, அவ்வளவாகப் பிடிக்காத சிப்ஸைக் கொறித்துக்கொண்டிருப்பதுதான் நஷ்டம்.

மண்டபத்தைவிட மோசம் வீட்டுக்கு வரும் டப்பாக்கள். விருந்து ஒரு நாள், டப்பா பத்து நாள். அன்றைக்கே வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு மட்டும் வைத்துக்கொள். கண்ணாடி பாட்டிலில் வைக்காதே, போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்.

எடை பார்ப்பதை நிறுத்த வேண்டாம். காலையில் பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், வெறும் தரையில் மெஷினை வைத்துப் பார். விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். எண்ணைக் காலண்டரில் எழுது, விருந்தன்று ஒரு புள்ளி வை. ஏழு நாள் சராசரியைத்தான் நம்ப வேண்டும். ரீனா விங் என்ற ஆராய்ச்சியாளர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்தவர்களுக்கு ஓர் எல்லை வகுத்துக் கொடுத்தார்கள். ஆய்வில் சேர்ந்தபோது இருந்த எடைக்கு மேல் சுமார் 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், 2.3-ஐத் தொட்டால் சிவப்பு, உடனே மறுபடி டயட். பதினெட்டு மாதத்தில், தபாலில் செய்திமடல் மட்டும் வந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு அந்த 2.3 கிலோ திரும்ப ஏறிவிட்டது. நேரில் வந்து இதைக் கற்றுக்கொண்டவர்களில் 46 சதவீதம். உனக்கு 63.4 வரை பச்சை, 64.3 சிவப்பு. மறுநாளைய 63.8 மஞ்சளாகத் தெரிந்தாலும் அது தண்ணீர் மஞ்சள். ஒரு வாரம் கழித்தும் அங்கேயே நின்றால் கவனி.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். விருந்தே இல்லாத நாளில், யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் சாப்பிடுவது உண்டா? வாரம் ஒருமுறையாவது என்று மூன்று மாதம் நீடித்தால் அதற்குப் பேர் வேறு, டாக்டரிடம் போக வேண்டும். சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ இருந்தால் அந்த மூன்று மாதத்துக்கும் காத்திருக்கக் கூடாது. உனக்கு அப்படி இருக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

இன்னொன்று, "எப்போதாவது" என்பது ஆடியிலும் மார்கழியிலும் சரி. தையில், வைகாசியில், ஆவணியில் வாரத்துக்கு இரண்டு பத்திரிகை வந்தால் அது எப்போதாவது இல்லை. அப்போது எந்த இரண்டு கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள். மற்றதற்கு வரவேற்பில் தலைகாட்டி, மொய் எழுதி, ஒரு காபியோடு கிளம்பிவிடு. கோபித்துக்கொள்கிறவர்கள் மொய்யைப் பார்த்ததும் சமாதானமாகிவிடுவார்கள்.

வைகாசிக்கு இப்போதே எத்தனை பத்திரிகை வந்திருக்கிறது என்று எழுது, சேர்ந்து பிரிக்கலாம். அண்ணனுக்கு மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் எடுத்து நாளாகிவிட்டதே, அந்த ரிப்போர்ட்டையும் அனுப்பு.

அன்புடன்,
சரோஜா