ஒரு மணி நேர உரையை 18 நிமிடத்தில் திணிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூகம், அறிவியல், தன்முன்னேற்றம் என எதைப் பற்றியும் சில நிமிடங்களில் பேசி முடிக்கும் குறும்பேச்சு நிகழ்ச்சிகள் இன்று பள்ளி, கல்லூரி, நூலகம், அலுவலகம் எங்கும் நடக்கின்றன. பேச வருகிறவர்களிடம் விஷயம் இருக்கிறது, கேட்க வருகிறவர்களிடம் ஆர்வம் இருக்கிறது. இருந்தும், கூட்டம் கலைந்ததும் "என்ன சொன்னார்?" என்று கேட்டால் பலரால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிவதில்லை. ஒரு மணி நேரத்துக்கான உரையை அப்படியே நசுக்கிப் பேசுவதால் வரும் கோளாறு இது. இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வடிவத்தைப் பரவலாக்கியது டெட் (TED) என்ற அமெரிக்கக் குறும்பேச்சு மாநாடு. 1984இல் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் முதன்முதலாக நடந்தது. 1990 முதல் ஆண்டுதோறும் நடத்தப்பட்டது. 2006இல் உரைகளை இணையத்தில் இலவசமாக வெளியிடத் தொடங்கிய பிறகே உலகம் அதை அறிந்தது. 2009 முதல் டெட்எக்ஸ் என்ற பெயரில் மற்றவர்களும் உரிமம் பெற்று நடத்துகிறார்கள். அங்கே உச்சவரம்பு 18 நிமிடம். ஒரு கருத்தைச் சொல்லி, ஆதாரம் காட்டி, எழக்கூடிய ஒரு மறுப்புக்குப் பதிலும் சொல்ல இது போதும். இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. 2003இல் டோக்கியோவில் பிறந்த பெச்சா குச்சா என்ற படக்காட்சிப் பேச்சு வடிவத்தில் 20 படங்கள், படத்துக்கு 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. படம் தானாகவே நகர்ந்துவிடும் என்பதால் வடிவமைப்பு, ஒளிப்படம், பயணம் போன்றவற்றுக்குப் பொருந்தும். நிதானமாக வாதிட வேண்டிய விஷயத்தை அதில் பேசவே கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியிலோ, ஆய்வு மாணவர் தம் ஆய்வை 3 நிமிடத்தில், அசையாத ஒரே படத்தை வைத்துக்கொண்டு விளக்க வேண்டும்.

எந்த வரம்பானாலும் தயாரிப்பு ஒரு வாக்கியத்தில்தான் தொடங்க வேண்டும், அதுவும் 15 சொல்லுக்குள். "தண்ணீரின் முக்கியத்துவம்" என்பது வெறும் தலைப்பு. அதை யாரும் மறுக்கப்போவதில்லை. "குழாய்க் கசிவை அளக்காத நகரத்தில் புதிய நீர்த்தேக்கம் கட்டினாலும் பற்றாக்குறை தீராது" என்றால் அது கருத்து. கேட்பவர் அதை மறுக்கலாம், "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கான பதில்தான் உரை. வாக்கியத்துக்குள் "மேலும்", "அதோடு" வந்துவிட்டால் கையில் இருப்பது இரண்டு உரைகள். ஒன்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரக் கணக்கு. ஆங்கில வழிகாட்டிகள் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று சொல்லும். அதை நம்பித் தமிழில் எழுதினால் நேரம் மீறும். "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரே சொல்; ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் வேண்டும். நிதானமான தமிழ்ப் பேச்சில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல்லே வரும். எனவே 18 நிமிட உரைக்கு 1,600 சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மிச்சமுள்ள 2 நிமிடம் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் மூச்சுவிடவும் தேவை. மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிக்கத் தொடங்கினால் அந்த 2 நிமிடமும் போய்விடும். அந்தப் பொறுப்பைத் தொகுத்து வழங்குபவரிடம் விட்டுவிடலாம்.

நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு என்பதால் தமிழில் பேசுகிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்து நடையில் எழுதி மனப்பாடம் செய்தால் மேடையில் கட்டுரை ஒப்பிப்பதுபோல் ஒலிக்கும். முதலில் நண்பரிடம் சொல்வதுபோலப் பேசிக் கைபேசியில் பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டு எழுத்தாக்கித் திருத்துவதே நல்லது. திருத்தும்போது "கண்டறியப்பட்டுள்ளது", "கருதப்படுகிறது" போன்ற செயப்பாட்டு வினைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். யார் கண்டறிந்தார்கள், யார் கருதுகிறார்கள் என்பது அந்த வினைகளுக்குள்ளேதான் ஒளிந்திருக்கும்.

ஆதாரம் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. தன்முன்னேற்ற உரைகளில் "ஆய்வுகள் சொல்கின்றன" என்பது சர்வசாதாரணம். எந்த ஆய்வு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம், வேறு யாராவது மறுபடி செய்து பார்த்தார்களா என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் இல்லாத வரியை நீக்கிவிட வேண்டும். 2012இல் சமூக உளவியலாளர் ஏமி கட்டி நிகழ்த்திய புகழ்பெற்ற டெட் உரை, நிமிர்ந்து விரிந்து நின்றால் உடலின் ஹார்மோன் அளவே மாறும் என்றது. அதற்கு அடிப்படையான 2010ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015இல் வேறொரு குழு 200 பேரிடம் சோதித்தபோது, அப்படி நின்றவர்கள் வலிமையாக உணர்வதாகச் சொன்னார்கள். ஹார்மோன் மாற்றமோ நடத்தை மாற்றமோ தென்படவில்லை. அந்த முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான டானா கார்னியே 2016இல் இந்த விளைவு உண்மை என்று தாம் நம்பவில்லை என்று அறிவித்தார். உரையைப் பார்த்த பல கோடிப் பேரில் எத்தனை பேருக்கு இந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்கும்?

வெற்றிக் கதைகளையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். "தினமும் 4 மணிக்கு எழுந்தேன், வென்றேன்" என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 4 மணிக்கு எழுந்தும் தோற்றவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லையே. விழுக்காடும் இப்படித்தான் ஏமாற்றும். 1,000 பேரில் 2 பேருக்கு வந்த நோய் 3 பேருக்கு வந்தால் அது "50 விழுக்காடு உயர்வு". "ஆயிரத்தில் ஒருவர் கூடுதல்" என்றாலும் சரிதான். பேச்சாளர் இரண்டையும் சொல்ல வேண்டும்.

எண்களை எப்படிக் காட்டுவது என்பதற்கு ஸ்வீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங்கின் 2006ஆம் ஆண்டு டெட் உரையைப் பார்க்கலாம். குமிழிகள் நகரும் அந்த வரைபடத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குமிழிகளை நகர்த்தும் முன் அவர் செய்ததைப் பாருங்கள்: கிடைக்கோட்டில் பெண்ணுக்கு எத்தனை குழந்தை, செங்கோட்டில் சராசரி ஆயுள், ஒவ்வொரு குமிழியும் ஒரு நாடு, குமிழியின் அளவு மக்கள்தொகை என்று பொறுமையாக விளக்குகிறார். நம் பேச்சாளர்கள் பலர் அச்சுகளை விளக்காமலே "இதில் பார்த்தால் புரியும்" என்று கடந்துவிடுகிறார்கள். கடைசி வரிசைக்கு எதுவும் புரிவதில்லை.

திரையில் தமிழ் எழுத்தின் அளவு 40 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக்கூடாது. இகர, உகரக் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். இல்லையெனில் மேல்வரியின் "கூ" கீழ்வரியின் "கி"யில் இடிக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுமுறை அல்லாத பழைய எழுத்துருவில் தயாரித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத அரங்கக் கணினியில் பொருளற்ற குறிகளாகச் சிதறிவிடும். யூனிகோடில் தயாரித்துப் பிடிஎஃப் கோப்பாகவும் ஒரு படி வைத்திருப்பது பாதுகாப்பு.

ஒத்திகையில் பலர் பாதி மனப்பாடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் மிக மோசமான நிலை. அடுத்த வரியைத் தேடிக் கண் மேலே போகும், குரல் தட்டையாகும். ஒன்று, பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேச முடிகிற அளவுக்கு முழுதும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் மூன்று வரியையும் கடைசி மூன்று வரியையும் மட்டும் மனப்பாடம் செய்து, நடுப்பகுதிக்கு ஐந்தாறு குறிப்புச் சொற்களை அட்டையில் வைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்னதாகவே துறை அறியாத மூவர் முன் பேசவைத்து, கேட்டதை ஒரு வாக்கியத்தில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றும் மூன்று விதமாக வந்தால் பேச்சைத் திருத்த வேண்டும்; திருத்த நேரமும் இருக்கும்.

ஒலிவாங்கியில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் உரையையே கெடுத்துவிடும். காதில் மாட்டும் வகையை வாய்க்கு நேர் எதிரே வைத்தால் மூச்சு மோதும். வாயோரத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி இருக்கட்டும். சட்டையில் குத்தும் வகையானால் திரையைப் பார்க்கத் திரும்பியதும் குரல் தேய்ந்துவிடும். பேச்சாளரின் கண்ணில் படும்படி மேடையின் கீழே குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஒன்று வேண்டும்.

காணொளியாக வெளியிடுகிறவர்கள் திரையின் கீழே ஓடும் வசனவரியையும் (சப்டைட்டில்) கவனிக்க வேண்டும். வரிக்கு 42 குறி, ஒரு முறைக்கு இரண்டு வரி என்பது பரவலான அளவு. தமிழில் மென்பொருளின் கணக்கு வேறு: "தமிழ்" என்ற மூன்றெழுத்தை அது ஐந்து குறிகளாக எண்ணும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். அதற்கான நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய உரைகளின் சுருக்கத்தைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, பேசப்பட்ட ஆண்டையும், அது சார்ந்திருக்கும் ஆய்வை யார் எப்போது செய்தார்கள் என்பதையும் கீழே ஒரு வரியில் சேர்க்க வேண்டும். அந்த ஆய்வு பின்னர் மறுக்கப்பட்டிருந்தால், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அதையும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
குறும்பேச்சுப் பயிற்றுநர் ஒருவர்