கையடக்கக் கணினியா? முதலில் கார்டைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2010-இல் வந்த பண்டோரா கையடக்கக் கணினியை நான் இன்னும் பயன்படுத்துகிறேன். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் அதை இன்றுவரை ஓட வைப்பது ஆர்வலர்கள்தான், அதனால் கோளாறு என்றால் நாமேதான் தேட வேண்டும். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது மெமரி கார்டை!

128 ஜிபி என்று மேலே அச்சடித்துவிட்டு உள்ளே 8 ஜிபி சில்லை வைத்து விற்கிறார்கள். கணினியும் 128 என்றே காட்டும், கோப்புகளும் ஏறும், ஆனால் உண்மையான இடம் தீர்ந்த பிறகு ஏறுவதெல்லாம் குப்பைதான். இங்கே பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தம்பி வாங்கி வந்த கார்டு அப்படித்தான், படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டன. எஃப்3 என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

அப்புறம், 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்புச் சேமிப்பு முறையில் வருகின்றன, பழைய லினக்ஸ் அதைப் படிக்காமல் போகலாம். ஃபேட்32 என்ற பழைய முறைக்கு மாற்றிப் பாருங்கள், அதற்குள் தூக்கிப் போடாதீர்கள்.

கடைக்காரர்களே, போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மாணவர்கள் சேர்த்து வைத்த காசு அது.

வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு